1976 ஹோண்டா சிபி550: பனி உருகுவதற்குள் எதை முதலில் கழற்றுவது?

ஸ்கார்பரோ திருச்சிக்காரன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் வசிக்கிறேன். சொந்த ஊர் திருச்சி. அப்பாவின் யமஹா ஆர்எக்ஸ்100 வண்டியில் பிளக்கைக் கழற்றித் துடைத்ததும் கிளட்ச் கேபிள் மாற்றியதும்தான் என் அனுபவம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அக்டோபர் இறுதியில், ஒரு வீட்டின் கொல்லைப்புறக் கொட்டகையில் பன்னிரண்டு ஆண்டுகளாகத் தார்ப்பாய்க்குள் கிடந்த 1976-ஆம் ஆண்டு ஹோண்டா சிபி550 வண்டியை, இருக்கிற நிலையிலேயே எடுத்துக்கொள்வது என்ற பேச்சில் வாங்கினேன். நான்கு சிலிண்டர், 544 சிசி, நான்கு தனித்தனி சைலன்சர்கள். விற்றவர் வேறொரு பாட்டரியை இணைத்து, தனிப் புட்டியிலிருந்து பெட்ரோல் கொடுத்து இன்ஜினை ஓட்டிக் காட்டினார். சோக் இழுத்திருந்த வரையில் ஓடியது. சோக்கை விட்டதும் இருமிவிட்டு நின்றது. டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே செம்மண் பூசியதுபோல் துரு. முன்சக்கரத்தைத் தூக்கிவிட்டுச் சுழற்றினால் அரைச் சுற்றுக்கு மேல் போவதில்லை. ஹேண்டிலை இடமும் வலமுமாகத் திருப்பும்போது, நேராக வரும் இடத்தில் ஒரு சிறு பள்ளத்தில் விழுந்து உட்காருவதுபோல் தட்டுகிறது. முகப்பு விளக்கு, இன்ஜின் மெதுவாக ஓடும்போது மங்கிவிடுகிறது.

கையில் இருப்பது சுமார் 900 டாலரும் ஏப்ரல் வரையிலான காலமும். கராஜ் வீட்டோடு ஒட்டியது. வெப்பமூட்டும் வசதி கிடையாது, ஆனால் ஒரு மூலையில் எரிவாயுவில் இயங்கும் வெந்நீர்க் கொதிகலன் இருக்கிறது. இந்தக் குளிர்காலத்தில் மின்னணு பற்றவைப்பு, எல்இடி முகப்பு விளக்கு, நான்கு கார்புரேட்டருக்கும் கூம்பு வடிவத் தனி வடிகட்டிகள், ஹேண்டில் கழுத்துக்கு உருளை பேரிங், புதிய இருக்கை ஆகியவற்றைப் போட்டுவிட வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. நேற்று கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைத் திறக்கலாம் என்று ஸ்டார் ஸ்குரூ டிரைவரை வைத்துத் திருகினேன். முதல் ஸ்குரூவின் தலையே வழித்துக்கொண்டு போய்விட்டது. அத்தோடு நிறுத்திவிட்டு இங்கே வந்து எழுதுகிறேன்.

இணுவில் கைப்பழக்கம் எழுதியது:

வணக்கம் தம்பி. நான் யாழ்ப்பாணத்து இணுவிலில் வேலை பழகி, இப்போது இங்கே மார்க்கம் நகரில் இருக்கிறேன். உங்களுடைய பட்டியலில் நான் முதலில் பார்த்தது மின்னணு பற்றவைப்பையோ இருக்கையையோ அல்ல, மூலையில் நிற்கும் அந்தக் கொதிகலனைத்தான். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது. தரையோடு தரையாகப் படர்ந்து போய், பத்தடி தள்ளி எரிகின்ற சிறு சுவாலையைத் தேடிப் பிடித்துவிடும். அந்தக் கராச்சுக்குள் ராங்கி (பெற்றோல் டேங்க்) கழுவுவதோ காபரேற்றரைத் திறந்து வடிப்பதோ கூடாது. பெற்றோல் சம்பந்தப்பட்ட எதையும் வெளியே, திறந்த வெளியில், குளிரென்றாலும் பொறுத்துக்கொண்டு செய்யுங்கள். அதேபோல, வீட்டோடு ஒட்டிய கராச்சில் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு நிமிடத்துக்கு என்றாலும் எஞ்சினை ஓடவிடாதீர்கள். புகை மணக்கும், அதோடு சேர்ந்து வரும் காபன் மொனொக்சைட்டு மணக்காது.

இனி ஒழுங்கைச் சொல்கிறேன். ஒன்ராறியோவில் பழைய வண்டியை உங்கள் பெயரில் தெருவில் ஓடத் தகுதியானதாகப் பதிவதற்குப் பாதுகாப்புத் தரச் சான்றிதழ் வேண்டும். அதைத் தருகிறவர் பார்ப்பது பிரேக், ரயர், ஹேண்டில் கழுத்து, பின்சக்கரத்தைத் தாங்கும் பின்கவை, சங்கிலி, விளக்குகள் ஆகியவற்றைத்தான். பற்றவைப்பு மின்னணுவா, திறந்து மூடிப் பொறியை உண்டாக்கும் பழைய தொடுமுனையான பொயின்றா என்று அவர் கேட்கப்போவதில்லை. ஆகவே உங்கள் 900 டொலரில் முதல் பங்கு நிறுத்துகிற பக்கத்துக்குப் போகட்டும்.

ரயரை இன்றைக்கே பாருங்கள். பக்கச்சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும்: 2311 என்றால் 2011-ஆம் ஆண்டின் 23-ஆவது கிழமையில் (வாரத்தில்) வார்த்தது. மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் 2000-க்கு முற்பட்ட சரக்கு. ரயரின் பூ (மேல்வரிப் பள்ளம்) எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அந்த ரயரில் நீங்கள் ஏறக் கூடாது. இந்த வண்டிக்கு முன்னே 3.25-19, பின்னே 3.75-18, அளவை மாற்றாமல் அதையே வாங்குங்கள். ரியூப்பும் உள்நாடாவும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

முன்சக்கரம் இறுகி நிற்பதற்குப் பெரும்பாலும் இரண்டு இடங்களில் ஒன்று காரணம். கைப்பிடிக்குப் பக்கத்தில் இருக்கும் மாஸ்டர் சிலிண்டரின் எண்ணெய்க் கிண்ணத்தைத் திறந்து, அடியில் பாருங்கள். இரண்டு துளைகள் தெரியும். பெரியது எல்லோர் கண்ணிலும் படும். மற்றது தலைமயிர் நுழைகிற அளவு சிறியது, பழைய எண்ணெய் இறுகிய பழுப்புக் களிக்கு அடியில் ஒளிந்திருக்கும். கைப்பிடியை விட்டதும் எண்ணெய் திரும்பி வருவது அதன் வழியாகத்தான். அது அடைபட்டால், பிரேக் பிடித்தது பிடித்தபடி நிற்கும். கிதாரின் மிக மெல்லிய தந்தியில் ஒரு துண்டை வெட்டி அதில் விட்டு எடுங்கள். துளையைப் பெரிதாக்கிவிடாதீர்கள்.

மற்ற இடம் கலிப்பர், அதாவது சக்கரத்தோடு சுழலும் வட்டைப் பிரேக் பட்டைகளால் அழுத்திப் பிடிக்கும் கவ்வி. அதைக் கழற்றுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது: குழாயைப் பிரிக்காமல், கலிப்பரை வட்டிலிருந்து எடுத்துத் தொங்கவிட்டு, கைப்பிடியை மெல்ல மெல்ல அழுத்தி, பிஸ்டனை எண்ணெயின் பலத்திலேயே வெளியே கொண்டு வாருங்கள். குழாயைக் கழற்றிவிட்டால் அந்தப் பலம் போய்விடும். பிறகு காற்றடித்து எடுக்கப் போவீர்கள். காற்றடித்துப் பிஸ்டன் பாய்ந்து, விரல் நுனியைக் கொடுத்தவரை எனக்குத் தெரியும். 1976-இன் இறப்பர்க் குழாய் இன்னும் வண்டியில் இருந்தால் கழற்றி எறியுங்கள். வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கி, எண்ணெயைப் போகவிடும், திரும்ப விடாது. இதில் ஒரு மேம்பாடு செய்ய விரும்பினால் எஃகுப் பின்னலிட்ட குழாய் போடலாம். விலை அதிகமில்லை, கைக்கு உடனே வித்தியாசம் தெரியும். பிரேக் எண்ணெய் பெயின்றைத் தின்னும், ராங்கியைக் கழற்றி வைத்துவிட்டே வேலை செய்யுங்கள். பின்பக்க டிரம்மைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் தூசியை ஊதாதீர்கள். அந்தக் காலத்துப் பிரேக் சப்பாத்துகளில் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) உண்டு. ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைக் கட்டி எறியுங்கள்.

ஹேண்டில் நடுவில் பள்ளத்தில் விழுவது கழுத்துக் குண்டுகள் தடத்தைக் குழித்துவிட்டதன் அடையாளம். உங்கள் பட்டியலில் உருளை பேரிங் என்று எழுதியிருக்கிறீர்களே, அது ஒன்று மட்டும்தான் இந்தக் குளிர்காலத்துக்குரிய மேம்பாடு. அது வெறும் அலங்காரமில்லை, பழுதுபார்ப்பேதான்.

இன்னொன்று. பன்னிரண்டு வருடம் கிடந்த பெற்றோல் பற்றிக் கேட்டதும் பழைய நினைவு ஒன்று வருகிறது. 1990-களில் யாழ்ப்பாணத்தில் பெற்றோலுக்குத் தடை இருந்த காலத்தில் மண்ணெண்ணெயில்தான் வண்டிகளை ஓட்டினோம். ஒரு சின்னப் போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலில் சில துளியை விட்டு எஞ்சினைப் பிடிக்கவைத்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். பிளக் கரி பிடிக்கும், புகைக்கும், ஆனாலும் ஓடும். அப்படி ஓடிய எஞ்சின்களைத் திறந்து திறந்துதான் எதை அது பொறுக்கும், எதைப் பொறுக்காது என்று கற்றுக்கொண்டேன். மோசமான எரிபொருளைக்கூடப் பொறுத்துக்கொள்ளும். காபரேற்றரில் எரிபொருளை அளந்து விடும் சிறு துளைத் திருகான ஜெற் அடைபட்டால் பொறுக்காது. உங்கள் வண்டி சோக்கில் மட்டும் ஓடுவதற்கும் அதுவே காரணம்: மெதுவாக ஓடும்போது எரிபொருள் தருகிற சிறு ஜெற்றுகள் நான்கும் அடைபட்டுக் கிடக்கின்றன. காபரேற்றர் விடயத்தை என்னைவிட நன்றாகச் சொல்லக் கூடியவர் இந்த மன்றத்தில் கோவையில் ஒருவர் இருக்கிறார், அவர் வருவார்.

கோவை லேத் பட்டறை எழுதியது:

அண்ணன் அழைத்ததால் வந்தேன். எங்களுக்கு இங்கே பனிக்காலம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. ஐப்பசி கார்த்திகை மழையில் வேலை குறையும்போது பட்டறையில் ஆர்டி350, யெஸ்டி, பழைய புல்லட் என்று ஏதாவது பிரிந்து கிடக்கும். சிபி550 என் கைக்கு இரண்டு முறைதான் வந்திருக்கிறது. ஆனாலும் அந்த ஸ்குரூவைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும்.

நண்பரே, நீங்கள் வழித்தது ஸ்டார் ஸ்குரூ அல்ல. ஜப்பானிய வண்டிகளில் இருப்பது அவர்கள் நாட்டுத் தர அளவில் வெட்டிய குறுக்குத் தலை. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் சாதாரண ஸ்டார் டிரைவரின் முனை அதன் அடிவரை இறங்காது, மேல்விளிம்பை மட்டும் கடித்துக்கொண்டு நிற்கும், அழுத்தித் திருகினால் மேலே ஏறி வழித்துவிடும். தலையில் ஊசி குத்தியதுபோல் ஒரு சிறு புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். அந்த அளவுக்கு வெட்டிய ஸ்குரூக்களில் பலவற்றில் அது இருக்கும். அதற்கென்றே ஜப்பானிய அளவு டிரைவர் ஒரு செட் வாங்குங்கள். இந்தக் குளிர்காலத்தில் நீங்கள் செலவிடப்போகும் பணத்தில் அதைவிடப் பயனுள்ள பணம் இருக்காது. இன்ஜின் பக்க மூடிகளுக்குச் சுத்தியலால் தட்டித் திருப்பும் இம்பாக்ட் டிரைவர் வேண்டும். ஆனால் கார்புரேட்டரில் அதைக் கொண்டுபோய்த் தட்டிவிடாதீர்கள், அது வார்ப்பு உலோகம், விரிசல் விட்டுவிடும். வழித்துப்போன அந்த ஒன்றின் தலையில், வால்வ் தேய்க்கும் பசையை ஒரு சொட்டு வைத்துச் சரியான டிரைவரை அழுத்தித் திருப்பிப் பாருங்கள். அந்தப் பசையின் சொரசொரப்பு பல நேரம் பிடித்துக்கொள்ளும்.

நான்கு கார்புரேட்டரையும் ஒரே தகட்டில் பூட்டிய நிலையிலேயே வெளியே எடுக்க வேண்டும். எடுப்பதைவிடத் திரும்பப் போடுவதுதான் வேதனை, ஏனென்றால் காற்றுப்பெட்டிப் பக்கத்து ரப்பர்கள் ஐம்பது வருடத்தில் கட்டையாகியிருக்கும். உங்கள் ஊர்க் குளிரில் கேட்கவே வேண்டாம். அவற்றை வீட்டுக்குள் கொண்டுபோய், விண்டர்கிரீன் எண்ணெய் ஒரு பங்குக்கு சைலீன் மூன்று பங்கு கலந்து, மூடிய பாத்திரத்தில் சில நாட்கள் ஊறவையுங்கள். ரப்பர் மெதுமெதுவென்று திரும்பி வரும். வீடு முழுக்க வலித்தைலம் தேய்த்த பாட்டியின் அறை மாதிரி மணக்கும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் மணம் பழகியது என்பதால் அலட்சியம் வேண்டாம்: அந்த எண்ணெய் சிறிதளவு வயிற்றுக்குள் போனாலும் குழந்தைகளுக்கு நஞ்சு, சைலீன் எளிதில் தீப்பிடிப்பது. எனவே கொதிகலன் பக்கமும் அடுப்புப் பக்கமும் கொண்டுபோகாதீர்கள்.

கார்புரேட்டரைத் திறந்தால் ஒவ்வொன்றின் ஜெட், மிதவை, ஊசி எல்லாவற்றையும் தனித்தனி டப்பாவில் எண்ணிட்டு வையுங்கள். ஒன்றின் பொருள் மற்றொன்றுக்குப் போகக் கூடாது. ஜெட்டின் நடுத்துளையை விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், வட்டமாக ஒளி தெரிய வேண்டும். பாதி நிலா மாதிரி தெரிந்தால் இன்னும் அழுக்கு இருக்கிறது. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் கிட் பொட்டலத்தில் பித்தளை ஜெட்களும் கொடுப்பார்கள். அவற்றில் ரப்பர் வளையங்களையும் கேஸ்கட்டையும் எடுத்துக்கொண்டு, ஜெட்களை அப்படியே ஓரம் வையுங்கள். பழைய ஜெட்டில் எண் ஒன்றாக இருந்தும் புதியதில் துளை வேறாக இருந்த கதையை என் பட்டறையிலேயே பார்த்திருக்கிறேன். நாற்பது ஐம்பது வருடத்துக்கு முன் துளையிட்ட பித்தளை இன்னும் நல்ல அளவில்தான் இருக்கும், கம்பி விட்டுக் குடையாமல் இருந்தால்.

கூம்பு வடிவத் தனி வடிகட்டிகளை மறந்துவிடுங்கள். இந்த இன்ஜினின் ஜெட் அளவுகள் அந்தக் காற்றுப்பெட்டியின் இழுவையைக் கணக்கில் வைத்து வைத்தவை. பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டால் நடு வேகத்தில் எரிபொருள் பற்றாமல் திணறும், பிறகு ஜெட் மாற்றி மாற்றி ஒரு கோடைக்காலமே போய்விடும். இணையத்தில் விற்பனைக்கு வரும் பாதி முடிந்த வண்டிகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் நின்றுபோனவை என்பது என் எண்ணம்.

டேங்க்கின் துருவுக்கு நம் ஊரில் வழி ஏற்கெனவே தெரியும். பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிறோமே, அதே வேலைதான். அங்கே புளியின் அமிலம், இங்கே சிட்ரிக் அமிலம். பெட்ரோலையும் அதன் ஆவியையும் முழுவதும் கழுவி வெளியேற்றிய பிறகு, வெதுவெதுப்பான நீரில் சிட்ரிக் அமிலத்தைக் கரைத்து நிரப்பி ஓர் இரவு வையுங்கள். பிறகு சோடா உப்புக் கரைசலில் அலசி, அமிலத்தை அடக்கி, உடனே ஹேர் டிரையரால் உலர்த்தி, இன்ஜின் ஆயிலைச் சிறிது விட்டுக் குலுக்குங்கள். உலர்த்துவதில் பத்து நிமிடம் தாமதித்தால் கண்ணெதிரே மறுபடி மஞ்சள் பூக்கும். மின்னாற்பகுப்பு முறையில் சலவை சோடாவும் பாட்டரி சார்ஜரும் வைத்துச் செய்பவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் உள்ளே தொங்கவிடும் கம்பி சாதாரண இரும்பாக இருக்கட்டும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கூடவே கூடாது, குரோமியம் கலந்த நஞ்சு நீராகிவிடும். டேங்க் ஒழுகாதவரை உள்ளே பூச்சு எதுவும் ஊற்றாதீர்கள். சில வருடத்தில் அது தோல் உரிந்து வந்து, நீங்கள் சுத்தம் செய்த ஜெட்டையே மறுபடி அடைக்கும்.

மின்னணு பற்றவைப்பு பற்றி என் கருத்து பலருக்குப் பிடிக்காது. பாயிண்ட் கெட்டுப்போய் வண்டி நடுவழியில் நின்றால், ஒரு உப்புத்தாளும் பத்து நிமிடமும் போதும், வீடு வந்து சேரலாம். இந்த வண்டியில் இரண்டு பாயிண்ட், இரண்டு காயில். ஒரு காயில் 1, 4 சிலிண்டர்களுக்கும் மற்றது 2, 3 சிலிண்டர்களுக்கும் ஒரே நேரத்தில் பொறி கொடுக்கும். முதலில் குளிர்ந்த இன்ஜினில் டேப்பெட் இடைவெளியை, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் கைக்கும் இடையிலான இடைவெளியை வையுங்கள்: உள்ளிழுப்புக்கு 0.05 மில்லிமீட்டர், வெளியேற்றத்துக்கு 0.08. அடுத்து பாயிண்ட் இடைவெளி 0.3 முதல் 0.4 வரை. பிறகு பாயிண்ட்டின் கம்பிக்கும் வண்டியின் இரும்பு உடலுக்கும் இடையே ஒரு 12 வோல்ட் சிறு பல்பை இணைத்து, சாவியைப் போட்டு, இன்ஜினைக் கையால் மெல்லத் திருப்புங்கள். சுழலியில் உள்ள எஃப் கோடு குறியோடு சேரும் கணத்தில் பல்பு எரிய வேண்டும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் கார்புரேட்டர் டியூனிங். தலைகீழாகச் செய்தால், டேப்பெட்டின் பிழையைக் கார்புரேட்டரில் திருத்திக்கொண்டு இருப்போம்.

மின்னோட்டம் எழுதியது:

கோவை ஐயாவின் மற்ற எல்லாக் கருத்துகளையும் ஏற்கிறேன். பற்றவைப்பில் மட்டும் சற்று வேறுபடுகிறேன், ஆனால் அவர் எதிர்பார்க்கும் காரணத்துக்காக அல்ல.

இந்த வண்டியின் மின்னாக்கி நிமிடத்துக்கு 5000 சுற்றில்தான் சுமார் 150 வாட் தரும். முகப்பு விளக்குக்கு மட்டும் 50 வாட் போகிறது. காயில்கள், பின்விளக்கு, மானி விளக்குகள் எல்லாம் சேர்ந்து மிச்சத்தைத் தின்கின்றன. சிக்னலில் மெதுவாக ஓடும்போது பாட்டரியிலிருந்துதான் வாங்குகிறது. எனவே விளக்கு மங்குவது முழுவதும் கோளாறு அல்ல, இயல்பும் உண்டு. இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும்: இதில் நிலையான காந்தம் இல்லை, காந்தப்புலத்தை உண்டாக்கும் சுருளுக்கே பாட்டரிதான் மின்சாரம் கொடுக்க வேண்டும். பாட்டரி அடியோடு இறந்துவிட்டால், உதைத்துக் கிளப்பினாலும் சார்ஜ் ஏறாது.

ஆனால் மின்னணுப் பெட்டி வாங்குவதற்கு முன் ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். சாவியையும் நிறுத்துவிசையையும் போட்ட நிலையில், பாயிண்ட் மூடியிருக்கும்போது, மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் நேர்முனையிலும் மற்றதைக் காயிலுக்கு வரும், கறுப்பில் வெள்ளைக் கோடு போட்ட கம்பியிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், அந்த மின்னழுத்தம் வழியில் எங்கோ வெந்துகொண்டிருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் ஃபியூஸைப் பிடிக்கும் பித்தளைக் கவ்விகள் கறுத்திருக்கும். சாவிக்கடி இணைப்பியும் ஹேண்டிலில் உள்ள நிறுத்துவிசையின் உள்தொடுமுனையும் அடுத்தவை. ஹோண்டாவில் பச்சைக் கம்பி உடலோடு சேரும் கம்பி. அது சட்டத்தைத் தொடும் இடத்தைப் பளிச்சென்று சுரண்டி இறுக்குங்கள். நான் என் வண்டியில் எல்லா இணைப்பிகளையும் ஒவ்வொன்றாகப் பிரித்துத் துடைத்ததற்கு இரண்டு சனிக்கிழமைகளும் ஒரு சிறு பிரஷும் தவிர வேறு செலவில்லை. காயிலுக்குப் போகும் மின்னழுத்தம் 10.9-இலிருந்து 12.1 வோல்ட்டுக்கு உயர்ந்தது. அதற்குப் பிறகு அந்த வண்டி கிளம்பிய விதத்தைப் பார்த்த நண்பர், மின்னணு பற்றவைப்பு போட்டீர்களா என்று கேட்டார்.

அதன் பிறகும் ஆசை இருந்தால் போடுங்கள். டைமிங் அடிக்கடி நகராது என்பது உண்மையான வசதி. ஆனால் சில பழைய வகைப் பெட்டிகள் காயிலில் மின்சாரத்தைப் பாயிண்ட்டைவிட நீண்ட நேரம் ஓடவிடும். ஏற்கெனவே 150 வாட்டில் குடும்பம் நடத்தும் வண்டிக்கு அது கூடுதல் கடன். எல்இடி விளக்கைப் பொறுத்தவரை, சுமை குறைவது நல்லதுதான். ஆனால் 1976-இன் கண்ணாடிக்கும் பிரதிபலிப்பானுக்கும் இழைவிளக்கின் இழை எங்கே இருக்குமோ அங்கேதான் ஒளி பிறக்க வேண்டும். கண்ட பல்பை மாட்டினால் ஒளி எதிரே வருபவர் கண்ணில் சிதறும், சான்றிதழ் பரிசோதனையிலும் கேள்வி வரும். விளக்கு முழுத்தொகுதியாக வாங்க முடிந்தால் வாங்குங்கள், இல்லையேல் இந்த வருடம் விட்டுவிடுங்கள்.

பாட்டரியை இன்றே வீட்டுக்குள் எடுத்துச் செல்லுங்கள். முழுமையாகச் சார்ஜ் ஏறியது உங்கள் ஊர்க் குளிரைத் தாங்கும். காலியானதில் உள்ள அமிலம் ஏறக்குறைய வெறும் தண்ணீர்தான், பூச்சியத்துக்குச் சற்றுக் கீழேயே உறைந்து பெட்டியை வெடிக்கவைத்துவிடும்.

ஸ்கார்பரோ திருச்சிக்காரன் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆறு வாரங்களுக்குப் பிறகு வந்து எழுதுகிறேன்.

ரயர்களைப் பார்த்தேன். பின்னே 0809, முன்னே மூன்று இலக்கம் மட்டும். எனக்கு முன்னால் வைத்திருந்தவர் அதிலேயே ஓட்டியிருக்கிறார் என்று நினைக்கும்போது வயிற்றைக் கலக்குகிறது. இரண்டுக்கும் புதியவை சொல்லிவிட்டேன். பட்டியலிலிருந்து இருக்கை, கூம்பு வடிகட்டிகள், எல்இடி, மின்னணு பற்றவைப்பு நான்கையும் அடித்துவிட்டேன். அந்தப் பணத்தில் எஃகுப் பின்னல் குழாய், கழுத்து பேரிங், ஜப்பானிய டிரைவர் செட், மல்டிமீட்டர் ஆகியவை வந்து சேர்ந்தன.

கழுத்தைப் பிரித்தபோது, கீழே விரித்திருந்த வெள்ளைத் துணியில் எஃகுக் குண்டுகள் மழைபோல் உதிர்ந்தன; கீழ்த்தடத்தில் அவை உட்கார்ந்திருந்த பள்ளங்களை நகத்தால் எண்ண முடிந்தது. சட்டத்துக்குள் இறுகியிருந்த பழைய தடத்தை எடுக்கத்தான் ஒரு முழு ஞாயிறு போயிற்று. மைனஸ் 14-இல் வெளியே நின்று கார்புரேட்டரை வடித்துவிட்டு, கையுறையோடு உள்ளே ஓடி வந்ததை என் மகள் படம் எடுத்து வைத்திருக்கிறாள். சிறு ஜெட் நான்கில் மூன்றில் ஒளியே தெரியவில்லை. ரப்பர்கள் வலித்தைல வாசனையோடு துணி துவைக்கும் அறையின் பூட்டிய அலமாரியில் ஊறுகின்றன. மாஸ்டர் சிலிண்டரில் அண்ணன் சொன்ன அந்தச் சின்னத் துளை, அவர் சொல்லியிராவிட்டால் அங்கே ஒரு துளை இருக்கிறது என்றே எனக்குத் தெரிந்திருக்காது.

இப்போது ஒரே ஒரு சந்தேகம். கைப்பிடியை அழுத்தி அழுத்திக் கலிப்பர் பிஸ்டனை வெளியே கொண்டுவந்துவிட்டேன். அதன் வெளி ஓரத்தில் அம்மைத் தழும்புபோல் சிறு குழிகள் இருக்கின்றன. உள்பாதி கண்ணாடிபோல் பளபளக்கிறது. சீல் உட்காருவது உள்பாதியில்தானே, இதை உப்புத்தாளால் தேய்த்துவிட்டுப் போடலாமா?

இணுவில் கைப்பழக்கம் எழுதியது:

போடாதீர்கள் தம்பி. இப்போது தேய்ந்த பட்டைகளோடு பிஸ்டன் வெளியே வந்து நிற்பதால் சீல் பளபளப்பான இடத்தில் இருப்பதாகத் தெரிகிறது. புதிய பட்டை போட்டதும் அதைப் பின்னுக்குத் தள்ளுவீர்கள். குழி விழுந்த பாகம் நேரே சீலுக்குள் போய் உட்காரும். ஒழுகும், அல்லது சீலைக் கிழிக்கும். உப்புத்தாள் போட்டால் குரோம் இன்னும் உரியும். புதிய பிஸ்டனின் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுக்குச் சற்று மேலே, அவ்வளவுதான்; துருப்பிடிக்காத எஃகில் செய்ததும் கிடைக்கும்.

அதைவிட முக்கியமானது பிஸ்டன் அல்ல, கலிப்பருக்குள் சீல் உட்காரும் பள்ளம். பழைய சீலை மரக்குச்சியால் நெம்பி எடுத்துவிட்டு, அந்தப் பள்ளத்தின் அடியில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். வெள்ளையாக, உப்புப் படிந்ததுபோல் சொரசொரவென்று இருக்கும். அது அலுமினியம் அரித்துப் பொங்கியது. அது அங்கே இருக்கும்வரை புதிய சீலும் உள்ளிருந்து தள்ளப்பட்டு பிஸ்டனை நெரிக்கும். இவ்வளவு செலவு செய்தும் சக்கரம் மறுபடி இறுகும். பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற வளைந்த ஊசியால், சுவரைக் கீறாமல், அந்த வெள்ளையை முழுவதும் சுரண்டி எடுங்கள். ஒரு மணித்தியாலம் பிடிக்கும். சீலையும் பிஸ்டனையும் புதிய பிரேக் எண்ணெயில் நனைத்துக் கையால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். சுத்தியலோ இடுக்கியோ தேவைப்பட்டால் இன்னும் சுரண்டவில்லை என்று அர்த்தம். கலிப்பரைத் தாங்கும் கையின் முளையையும் கழற்றிக் கிறீஸ் பூச மறக்க வேண்டாம், அது இறுகினாலும் இதே குறைதான் வரும்.

எண்ணெய் நிரப்பிக் காற்றெடுத்தபின், கைப்பிடியை ஒரு பட்டியால் இறுக்கிக் கட்டி இரவு முழுக்க விடுங்கள். காலையில் அவிழ்த்துச் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்து, எத்தனை சுற்று போகிறது என்று இங்கே எழுதுங்கள்.